பிடுங்கிய பென் டிரைவும் மூன்று இயங்குதளங்களும்

திருகோணமலை மத்திய வீதியில் போட்டோக்கொப்பிக் கடையொன்றில் அரை மணி நேரம் நின்று பார்த்தால், பென் டிரைவை முறைப்படி வெளியேற்றிவிட்டுக் கழற்றுபவரைக் காண்பது அரிது. "தம்பி, கழட்டுங்கோ" என்று கடைக்காரர் சொல்லுமுன்பே அது மாணவனின் சட்டைப்பைக்குள் போய்விடும். கடைக் கணினிகளில் விண்டோஸ் இருப்பதால் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. 2018இல் வந்த விண்டோஸ் 10இன் 1809ஆம் பதிப்பு முதல், வெளிச் சேமிப்பகங்களுக்கு 'விரைவாக அகற்றல்' என்ற அமைப்பே இயல்பானது. எழுத வேண்டியதைக் கணினியின் தற்காலிக நினைவகத்தில் தேக்காமல் உடனுக்குடன் எழுதிவிடுவதால் வேகம் சற்றுக் குறைந்தாலும், நகலெடுப்புப் பட்டை நிறைந்த பின் அஞ்சத் தேவையில்லை. பாதியில் பிடுங்கினால் மட்டும் எந்த அமைப்பும் காப்பாற்றாது.

இந்தப் பழக்கத்தோடு லினக்ஸ் இயங்குதளத்துக்கு வருபவர்தாம் அகப்படுகிறார். உவர்மலையில் உறவினர் வீட்டில், உபுண்டு என்ற லினக்ஸ் வகை ஓடும் என் மடிக்கணினியிலிருந்து 2 ஜிபி அளவுள்ள திருமண வீடியோவை எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு முறைமையில் அமைந்த பென் டிரைவுக்கு ஏற்றினேன். சில நொடிகளில் பட்டை நிறைந்துவிட்டது. பென் டிரைவின் சிறு விளக்கோ மினுங்குவதை நிறுத்தவில்லை. தரவு முதலில் நினைவகத்துக்கே போகிறது. அங்கு 30 நொடிக்கு மேல் காத்திருப்பதையோ, தேக்கம் வரம்பு மீறும்போது மிகுந்திருப்பதையோதான் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னல் பின்னணியில் எழுதுகிறது. வெளியேற்றும் பொத்தானை அழுத்திய பிறகும் 'இன்னும் எழுதப்படுகிறது, கழற்ற வேண்டாம்' என்ற அறிவிப்பு சில நிமிடங்கள் நின்றது. அந்த அறிவிப்பின் நேர்மைக்காகவே என் சொந்த வேலைக்கு லினக்ஸை விரும்புகிறேன்.

மேக், வட்டு முறையாக வெளியேற்றப்படவில்லை என்று திரை மூலையில் கடிந்துகொள்ளும். கழற்றிய பின் வரும் அந்தக் கண்டிப்பால் பயன் குறைவு.

உண்மையில், இயங்குதளத்தைவிட, வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் கோப்பு முறைமையே சேதத்தின் அளவைக் கூடுதலாகத் தீர்மானிக்கிறது. என்டிஎஃப்எஸ், எக்ஸ்ட்4 ஆகியவை மாற்றங்களைக் குறிப்பேட்டில் பதிந்துகொண்டே செய்வதால், இடையில் அறுந்தாலும் வட்டின் கட்டமைப்பு பெரும்பாலும் மீள்கிறது, அரைகுறையாக எழுதப்பட்ட கோப்பு மீளாவிட்டாலும். தொலைக்காட்சி முதல் கடைக் கணினி வரை எல்லாவற்றிலும் வேலை செய்ய வேண்டும் என்பதற்காகப் பென் டிரைவ்கள் ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட் வடிவில் வருகின்றன. அவற்றில் அந்தக் குறிப்பேடு இல்லை.

மாரிகாலத்தில் மின்சாரம் போனால் மேசைக் கணினிக்கு நேர்வதும் இதுவே. பொத்தானை அழுத்த அவகாசமே கிடைக்காது. அப்போது பென் டிரைவில் எழுதியவற்றுக்கு விண்டோஸின் உடனடி எழுத்து கைகொடுக்கும். லினக்ஸ் வைத்திருப்பவர்கள் நகலெடுத்த கையோடு கட்டளைகளைத் தட்டச்சிடும் முனையத்தில், தேங்கியதை எழுதி முடிக்கச் சொல்லும் 'சிங்க்' (sync) கட்டளையை இட்டு, அது முடிந்து திரும்பும் வரை காத்திருப்பது நல்லது.