கேஷ் ஆன் டெலிவரியா, ஜிபேவா, கார்டா? ஏமாந்தா எதுல பணம் திரும்பும்

ஆன்லைன்ல ஒரு மிக்ஸி வாங்கணும்னா ரெண்டு நாள் ரிவ்யூ படிக்கிறோம், நாலு ஆப்ல விலை பாக்குறோம், ஆனா பேமெண்ட் பக்கம் வந்ததும் கைப்பழக்கத்துல எது வருதோ அதை அமுக்கிட்டு போயிடுறோம். உடைஞ்ச பொருள் வந்தாலோ, பார்சலே வரலைன்னாலோ அப்பதான் அந்த அமுக்குன பட்டன் எவ்ளோ முக்கியம்னு புரியும். ஏன்னா தகராறு நடக்கும்போது பணம் யார் கையில இருக்கோ அவங்களுக்கு அவசரம் இருக்காது, பணத்தை விட்டவங்கதான் பின்னாடியே அலையணும். அதனால ஒவ்வொரு வழியையும் இந்தக் கண்ணோட்டத்துல மட்டும் பாப்போம், கேஷ்பேக் கணக்கெல்லாம் இங்க வேணாம்.

முதல்ல கேஷ் ஆன் டெலிவரி. அம்மா அப்பா வயசுக்காரங்க இதைத்தான் நம்புவாங்க, அதுல நியாயமும் இருக்கு, பார்சல் வாசலுக்கு வர்ற வரைக்கும் பணம் நம்ம கையிலதான். பேரு தெரியாத கடைன்னா கார்டு நம்பரும் எங்கயும் போகாது. ஆனா நிறைய பேர் கவனிக்காத ஒண்ணு, பெரும்பாலும் காசு குடுத்த பிறகுதான் பார்சலை பிரிக்க முடியும், உள்ள செங்கல் இருந்தாலும் டெலிவரி பையன் வாங்கிட்டு போன காசு போனதுதான், அதுக்கப்புறம் நீங்களும் மத்தவங்க மாதிரியே ரீஃபண்டுக்கு நிக்கணும். போன், லேப்டாப் மாதிரி பொருளுக்கு ஓப்பன் பாக்ஸ் டெலிவரி இருந்தா கண்டிப்பா அதை எடுங்க, கண் முன்னாடி பிரிச்சு பாத்து சரியா இருந்தா மட்டும் ஓடிபி சொல்லுங்க. இன்னொண்ணு, ஆர்டரே பண்ணாத பார்சல் வரும், வீட்ல இருக்குற பாட்டி "பேரன் ஏதோ போட்டிருப்பான்"னு 500, 600 ரூபாய் குடுத்து வாங்கி வச்சிடுவாங்க. "நான் ஆர்டர் பண்ணல, திருப்பி அனுப்புங்க"ன்னு சொன்னா, "அப்ப கேன்சல் பண்ண ஓடிபி சொல்லுங்க"ன்னு கேக்குற கூட்டமும் இருக்கு. போடாத ஆர்டருக்கு ஓடிபி சொல்ல வேண்டிய அவசியமே இல்ல, வாங்காம கதவை சாத்துங்க, போதும்.

அடுத்து யுபிஐ. வேகத்துல இதை அடிச்சுக்க ஆள் இல்ல, சிக்கலும் அங்கதான், பின் போட்ட நொடியே பணம் அந்தப் பக்கம் போயிடுச்சு. பணம் கட்டும்போது டெக்னிக்கல் கோளாறுல கழிஞ்சு கடைக்கு போய் சேரலைன்னா பயப்பட வேணாம், ரிசர்வ் வங்கி 2019ல போட்ட விதிப்படி அஞ்சு நாளுக்குள்ள தானா திரும்பணும், தாண்டினா நாளுக்கு 100 ரூபாய் நஷ்ட ஈடு வங்கி குடுக்கணும். ஆனா பணம் சரியா போய் சேர்ந்து, ஆள் பொருள் அனுப்பலைன்னா கதையே வேற. பெரிய ஆப் வழியா கடைக் கணக்குக்கு போன பணம்னா புகார் போட வழி உண்டு, இன்ஸ்டாகிராம் பேஜ்ல "இந்த நம்பருக்கு ஜிபே பண்ணுங்க அக்கா"ன்னு சொல்லி ஒரு தனி ஆளோட நம்பருக்கு அனுப்பினதுன்னா அந்த ஆள் மனசு வச்சாதான் உண்டு.

தீபாவளி சமயத்துல இது நல்லாவே தெரியும். சிவகாசி ஃபேக்டரி விலை, 80 சதவீதம் தள்ளுபடின்னு பளபளன்னு ஒரு வெப்சைட், வாட்ஸ்அப்ல விலைப்பட்டியல், முழுப் பணமும் முன்னாடியே ஜிபேல, அனுப்பினதும் நம்பர் ஸ்விட்ச் ஆஃப். வருஷா வருஷம் சைபர் கிரைம் போலீஸ் எச்சரிக்கை விட்டாலும் வருஷா வருஷம் சனங்க ஏமாறுறாங்க. 2018 அக்டோபர்லயே சுப்ரீம் கோர்ட் இணைய விற்பனைத் தளங்கள் பட்டாசு விக்கக் கூடாதுன்னு சொல்லிடுச்சு, இது தெரிஞ்சாலே பாதி பேர் தப்பிச்சிடுவாங்க. அப்புறம் ஒண்ணு, பணம் வாங்குறதுக்கு பின் தேவையே இல்ல. "ரீஃபண்ட் போடுறோம், பின் போடுங்க"ன்னு எவனாவது சொன்னா போனை வச்சிடுங்க.

டெபிட் கார்டும் கிரெடிட் கார்டும் பாக்க ஒரே மாதிரி இருந்தாலும் சண்டைன்னு வந்தா ரெண்டும் வேற. ரெண்டுலயும் சார்ஜ்பேக் இருக்கு, அதாவது பொருள் வரலை, வேற பொருள் வந்துச்சுன்னு வங்கியில புகார் குடுத்தா உங்க வங்கி கடைக்காரனோட வங்கிகிட்ட பணத்தை திருப்பி கேக்கும். ஆனா டெபிட் கார்டுல முடிவு வர்ற வரைக்கும் போனது உங்க சம்பளப் பணம், அந்த மாச வாடகை, ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் அதுக்குள்ளதான். கிரெடிட் கார்டுல மாட்டிக்கிட்டு இருக்குறது வங்கியோட பணம். மோசடின்னு நீங்க புகார் குடுத்த தொகைக்கு முடிவு வர்ற வரைக்கும் வட்டி, கட்டணம் போடக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கியோட 2022 கிரெடிட் கார்டு விதியே சொல்லுது. நீங்க பண்ணாத டிரான்சாக்‌ஷன் எதுல நடந்தாலும், தப்பு உங்க பக்கமும் வங்கி பக்கமும் இல்லாம மூணு வேலை நாளுக்குள்ள வங்கிக்கு சொல்லிட்டா உங்களுக்கு ஒரு ரூபாய் நஷ்டம் கூட வரக் கூடாது, இது 2017 உத்தரவு. ஓடிபிய நீங்களே சொல்லியிருந்தா மட்டும், வங்கிக்கு தெரியப்படுத்துற வரைக்கும் போன பணம் உங்க தலையிலதான்.

என்கிட்ட கேட்டா, விலை அதிகமான பொருளுக்கு கிரெடிட் கார்டு, மாசா மாசம் முழுசா கட்டுற பழக்கம் இருந்தா மட்டும். புதுக் கடைக்கு கேஷ் ஆன் டெலிவரி. பழகின ஆப்ல மளிகை, காய்கறிக்கு யுபிஐ தாராளமா. சம்பளம் விழுற கணக்கோட டெபிட் கார்டை ஆன்லைன்ல காட்டவே காட்டாதீங்க, வங்கி ஆப்ல போய் ஆன்லைன் பயன்பாட்டை ஆஃப் பண்ணி வச்சுக்கலாம்.

சரி, பொருள் மோசம்னு ஆயிடுச்சு. "நோ ரிட்டர்ன், நோ எக்ஸ்சேஞ்ச்"னு பில்லுலயே அடிச்சிருக்கானேன்னு விட்டுடாதீங்க. 2020 இ-காமர்ஸ் விதிப்படி குறையுள்ள பொருள், போலி, விளம்பரத்துல சொன்னதுக்கு மாறானது, சொன்ன தேதிய தாண்டி வந்தது, இதையெல்லாம் திருப்பி எடுக்க மாட்டேன்னு ஆன்லைன் தளத்துல விக்கிறவர் சொல்லக் கூடாது. அதே சமயம் கலர் பிடிக்கலை, மனசு மாறிடுச்சுன்னா சட்டம் துணைக்கு வராது, அது கடையோட பாலிசி. சேலை விஷயத்துல இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம், போட்டோல பட்டுன்னு போட்டுட்டு பாலியஸ்டர் அனுப்பினா அது சட்டப்படி உங்க பக்கம், மெரூன் கொஞ்சம் டார்க்கா இருக்குன்னா அவர் பக்கம். அதனாலதான் ஆர்டர் பண்ணும்போதே அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கணும், பின்னாடி விவரத்தை மாத்திடுவாங்க. பார்சலை பிரிக்கும்போது வீடியோ எடுங்க, மேல ஒட்டியிருக்குற லேபிள்ல இருந்து ஆரம்பிச்சு, நாலு பக்கமும் டேப் பிரியாம இருக்குறத காட்டி, ஒரே ஷாட்ல, நடுவுல கட் பண்ணாம.

புகாருக்கும் பல கதவு இருக்கு, எல்லாம் ஒண்ணில்ல. ஆப்ல இருக்குற சாட் சின்ன விஷயத்துக்கு போதும். அது சுத்தலில் விட்டா குறைதீர் அதிகாரின்னு ஒருத்தர் பேரு அந்த தளத்துலயே இருக்கணும், அவருக்கு மெயில் போட்டா புகார் கிடைச்சதுன்னு 48 மணி நேரத்துல பதில் வரணும், ஒரு மாசத்துல தீர்க்கணும். கூகுள்ல தேடி கிடைக்கிற கஸ்டமர் கேர் நம்பருக்கு மட்டும் போன் பண்ணிடாதீங்க, அதுல பல நம்பர் திருடங்க போட்டது. மோசடின்னா இங்கெல்லாம் நிக்காம உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு போன் பண்ணுங்க, பணம் அடுத்த கணக்குக்கு தாவுறதுக்குள்ள முடக்க முடிஞ்சா உண்டு, ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு.

கடைதான் நிஜம், ஆனா ஏமாத்துதுன்னா 1915, தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழ்லயே பேசலாம், காசு இல்ல. கம்பெனிக்கு புகாரை தள்ளிவிட்டு பதில் வாங்கித் தர்றது அவங்க வேலை, பேருக்கு பயப்படுற பெரிய கம்பெனிங்க இதுலயே இறங்கி வந்துடும். ஆனா அவங்களுக்கு உத்தரவு போடுற அதிகாரம் கிடையாது. அந்த அதிகாரம் இருக்குறது மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு, நான் அதைத்தான் பெருசா நினைக்கிறேன், ஜனங்க அதுக்குத்தான் தேவையில்லாம பயப்படுறாங்க. 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டப்படி கம்பெனி பெங்களூர்ல இருந்தாலும் நீங்க குடியிருக்குற மாவட்டத்துலயே வழக்கு போடலாம், திருநெல்வேலிக்காரர் திருநெல்வேலியிலயே. பொருளுக்கு குடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும்னா கட்டணம் இல்ல, வக்கீல் கட்டாயம் இல்ல, ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டா போதும், நுகர்வோர் வழக்குக்குன்னே இருக்குற அரசோட இ-ஜாக்ரிதி தளத்துல வீட்ல இருந்தே தாக்கல் பண்ணலாம். மூணு மாசத்துல முடிக்கணும்னு சட்டம் சொல்லுது, நடைமுறையில இழுக்கும், அதனால 300 ரூபாய் போன் கவருக்கு இது வேணாம், 30,000 ரூபாய் போனுக்கு கண்டிப்பா வேணும். பொருள் விலையோட மன உளைச்சலுக்கும் செலவுக்கும் சேத்து கேக்கலாம். தீர்ப்பு வந்தும் கம்பெனி பணம் கட்டலைன்னா அந்த சட்டத்தோட 72வது பிரிவுல அதே ஆணையத்துக்கு மறுபடி போகலாம், மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல 25,000ல இருந்து 1 லட்சம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும்.