லென்ஸ் மாற்றிய கேபிலரோஸ்கோப்: அந்த மைக்ரான் கணக்கு

நக ஓரத்து நுண் ரத்தக் குழாய்களைப் பெரிதாக்கிப் படமெடுக்கும் கருவிதான் கேபிலரோஸ்கோப். ரிப்பேருக்குப் போன அதன் 200 மடங்கு லென்ஸ் திரும்பி வந்துவிட்டது. படத்தில் குறையே இல்லை. நகமடிப்பில் (நகத்தின் அடியை ஒட்டிய தோலில்) ஒரு துளி எண்ணெய் விட்டு லென்ஸை வைத்தால், கடைசி வரிசைக் கேபிலரிகள், அதாவது அந்த நுண் குழாய்கள், ஹேர்பின் குத்திவைத்ததுபோல் வரிசையாகத் தெரிகின்றன. கருத்த தோலில் கான்ட்ராஸ்ட் குறையும்போது பச்சை சேனலை மட்டும் பிரித்துப் பார்க்கலாம். பச்சை ஒளியை ஹீமோகுளோபின் நன்றாக உறிஞ்சுவதால் ரத்தம் ஓடும் குழாய் கருப்பாக எடுத்துக் காட்டும். இந்த வசதிக்கு முழு மதிப்பெண்.

கோபமெல்லாம் அளவுகோல் மேல்தான். லென்ஸை மாற்றினாலும் மென்பொருள் பழைய காலிப்ரேஷனையே (படத்தின் அளவை மைக்ரானாக மாற்றும் கணக்கையே) வைத்துக்கொள்கிறது, ஒரு எச்சரிக்கைகூடக் காட்டாமல். அளவு 10 சதவீதம் கூடினால் என்ன ஆகும்? 46 மைக்ரான் (ஒரு மைக்ரான் மி.மீ.-இல் ஆயிரத்தில் ஒரு பங்கு) அகலமுள்ள கேபிலரி நுனி வளைவு 50.6 என்று வரும். 50-ஐத் தாண்டினால் அது 'ஜயன்ட்' கேபிலரி, அதாவது இயல்புக்கு மீறி அகன்ற குழாய். திரையில் 1 மி.மீ. என்று காட்டும் கோடு உண்மையில் 0.91 மி.மீ. தான். ஆகவே மில்லிமீட்டருக்கு 7 கேபிலரி என்று இயல்பாக இருக்கும் எண்ணிக்கை 6.4 ஆக இறங்கும். இரண்டு பிழையும் ஒரே பக்கம், ஸ்க்லரோடெர்மா (தோல் இறுகும் நோய்) பக்கம் தள்ளுகின்றன. வெறும் ரேனாட் தொந்தரவோடு (குளிரில் விரல் வெளுப்பது) வந்தவரைப் பயமுறுத்தி அனுப்ப இது போதும். ஸ்க்லரோடெர்மாவுக்கான 2013 வகைப்பாட்டு விதிகளில் நகமடிப்பு மாற்றத்துக்கு மட்டும் 2 புள்ளி இருக்கிறது, விளையாட்டில்லை.

சரிபார்க்க ஐந்து நிமிடம் ஆகாது. 1 மி.மீ. நீளத்தை 100 பிரிவுகளாகப் பிரித்த ஸ்டேஜ் மைக்ரோமீட்டர் ஸ்லைடைப் படமெடுங்கள். பத்துப் பிரிவு 100 மைக்ரான் காட்ட வேண்டும். படத்தின் நடுவில் மட்டும் பார்த்தால் போதாது, ஓரத்திலும் அளந்து பாருங்கள். அந்தப் படத்தைத் தேதியோடு சேமித்து வையுங்கள்.

தானாக எண்ணும் வசதியும் கண்ணை மூடி நம்பும்படி இல்லை. எண்ணெயில் குமிழி இருந்தால் அதையும் குழாய் என்கிறது, குறுக்கே பின்னிய ஒரே கேபிலரியை இரண்டாக எண்ணுகிறது. லென்ஸை அழுத்திப் பிடித்தால் குழாயிலுள்ள ரத்தம் விலகி, இருக்கும் குழாயே மறைந்துவிடும். அது நம் கைத் தவறு, கருவியைத் திட்டக் கூடாது. அறைச் சூட்டில் 15–20 நிமிடம் உட்காரவைக்காமல் எடுத்த படத்துக்கும் இதே பேச்சுதான்.

கட்டை விரல் போக எட்டு விரலையும் படமெடுத்து அடுக்கிவைக்க இதைவிட வசதியானதை நான் பார்த்ததில்லை. ஆனாலும் யாராவது கேட்டால் கேமராவை மட்டும் வாங்கச் சொல்வேன். இந்த மென்பொருள் வேண்டாம்.