பிரிவதற்காகவே போட்ட தையல்

திருப்பூர் பனியன் கம்பெனியில் பத்தொன்பது வருடமாகச் செக்கிங் பார்க்கிறேன். தையல் பிரிந்த பீஸைத் தூக்கித் தள்ளி வைப்பதுதான் என் பிழைப்பு. அப்படிப்பட்டவன், தையல் பிரிய வேண்டும் என்றே செய்த ஒரு சாமானைப் பத்தாயிரத்துக்கு மேல் கொடுத்து வாங்கினேன். பெட்செல் ஸ்கார்ப்பியோ வெர்டிகோ. வியா ஃபெராட்டா ஏறுகிறவர்கள் இடுப்புப் பட்டையில் மாட்டிக்கொள்ளும் இரட்டைக் கை நாடா, கைக்கு ஒரு கொக்கி.

வியா ஃபெராட்டா என்றால் இத்தாலிய மொழியில் இரும்புப் பாதை. செங்குத்துப் பாறையில் நெடுக இரும்புக் கேபிள் ஓடும், கால் வைக்க அங்கங்கே கம்பி இருக்கும். முதல் உலகப் போரில் படைகள் ஏறி இறங்க இத்தாலியின் டோலமைட் மலைகளில் இப்படி நிறைய அடித்தார்கள்.

மியூனிக்கில் இருக்கும் என் மச்சினன்தான் கூப்பிட்டான். வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறியவனுக்கு இது என்ன என்று நினைத்தேன். கோயம்புத்தூரில் ஒரு கடையில் கேட்டதற்கு, ஒரு கயிறும் ரெண்டு கொக்கியும் எடுத்துப் போட்டு, "இதே போதுமுங்ணா" என்றார்கள். போட்டோ எடுத்து அனுப்பினேன். உடனே போன் வந்தது. "மாமா, அதைக் கட்டிக்கிட்டு விழுந்தீங்கன்னா இடுப்பு போயிரும், இல்லீன்னா கொக்கி போயிரும். அங்கயே வெச்சுட்டு வாங்க."

அவன் சொன்ன கணக்கு இதுதான். கேபிளைப் பாறையில் பிடித்து வைத்திருக்கும் ஆணிகளுக்கு நடுவே சில மீட்டர் இடைவெளி. மேல் ஆணிக்குப் பக்கத்தில் கை நழுவினால், கொக்கி கேபிளோடு வழுக்கிக் கீழ் ஆணியில் போய்த்தான் இடிக்கும். ஒரு மீட்டர் நாடாவை நம்பி ஐந்து மீட்டர் விழுகிறோம். சாதாரணக் கயிற்று ஏற்றத்தில் எவ்வளவு மோசமாக விழுந்தாலும் கயிற்று நீளத்தைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டாது. இங்கே ஐந்து மடங்கு.

அந்த வேகத்தைத் தின்பதற்குத்தான் ஸ்கார்ப்பியோவில் ஜிப் வைத்த சின்னப் பை. திறந்தால் மடித்துத் தைத்த நாடா. விழுந்தால் தையல் வரிசையாகப் பிரிந்து, உதறலைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்ளும். ஒருமுறை பிரிந்தால் அதோடு சரி, தூக்கிப் போட வேண்டியதுதான். அரை மணி நேரம் அந்தத் தையலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இறுகவும் கூடாது, சுலபமாகப் பிரிந்துவிடவும் கூடாது. தைத்தவர் கை தெரிந்த ஆள்.

மச்சினன் ஊருக்கு வந்தபோது கொண்டுவந்து கொடுத்தான். கம்பெனி மாடிப்படிக் கைப்பிடியில் நாலு நாள் பழகினேன். ஒரு கொக்கியைக் கழற்றி ஆணிக்கு அந்தப் பக்கம் மாட்டிய பிறகுதான் அடுத்த கொக்கியில் கை வைக்க வேண்டும். ரெண்டும் ஒரே நேரத்தில் வெளியே இருக்கவே கூடாது. கையை விட்டதும் கொக்கி தானாகவே பூட்டிக்கொள்கிறது. பேக்கிங் பையன்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

ஏறியது அதே டோலமைட் மலைகளில், கோர்ட்டினா என்ற ஊர்ப் பக்கத்தில் 2,649 மீட்டர் அவெராவ் சிகரம். ஏற்றம் சின்னதுதான், ஆரம்பக்காரர்கள் நிறையப் பேர் வருகிறார்கள். நாடாவின் கைகள் ரப்பர் மாதிரி இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்குபவை, அதனால் முழங்காலில் சிக்கவில்லை. ரெண்டு ஆணிக்கு நடுவே ஒரே ஆள்தான் என்பதால், முன்னால் போனவர் தாண்டும் வரை நின்றேன். அப்போதுதான் கால் நடுங்கியது. கையுறை ஊரிலிருந்து எடுத்துப் போன மலிவுச் சரக்கு, பாதி வழியிலேயே உள்ளங்கையில் ஓட்டை. மத்தியானத்துக்குமேல் இடி வரும் என்று சீக்கிரமே இறங்கிவிட்டோம். இடி நேரத்தில் இரும்புக் கேபிளைப் பிடித்துக்கொண்டு யார் நிற்பது?

ஒன்றை வாங்குவதற்கு முன்பே பாருங்கள். இந்த நாடா 40 முதல் 120 கிலோ வரை உள்ளவர்களுக்குத்தான். எடை குறைந்தால் தையல் சரியாகப் பிரியாது, உதறல் முழுக்க உடம்பில் இறங்கும். அப்படிப்பட்டவர்களை மேலிருந்து தனிக் கயிறு பிடித்துத்தான் ஏற்ற வேண்டும். என் மகள் 36 கிலோ. எங்களுக்கு அந்தக் கயிற்று வேலை தெரியாது, அதனால் கீழே விடுதியில் அத்தையோடு உட்காரவைத்தோம். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

ஊர் திரும்பியதும் தெரிந்தவர் ஒருவர் இரவல் கேட்டார். இல்லீங்க என்றுவிட்டேன். திரும்பி வரும்போது அதில் யாராவது விழுந்தார்களா என்று நான் நூலைத்தான் கேட்க வேண்டியிருக்கும்.