ஹாம்பர்கர் ஹெல்பர் ஸ்ட்ரோகனாஃப்: பெட்டியில் என்ன இருக்கிறது, சட்டியில் என்ன சேர்க்க வேண்டும்

அமெரிக்க மளிகைக் கடைகளில் பாஸ்தா அடுக்குப் பக்கம் போனால், முகம் வரைந்த நான்கு விரல் கையுறைப் பொம்மை சிரிக்கும் ஹாம்பர்கர் ஹெல்பர் பெட்டியைப் பார்க்காமல் வர முடியாது. ஒரு பவுண்டு மாட்டுக் கொத்துக்கறி, கொஞ்சம் பால், ஒரு வாணலி இருந்தால் போதும், அரை மணி நேரத்தில் கிரீம் போன்ற குழம்போடு நூடுல்ஸ் தயார் என்பது அதன் வாக்கு. அதன் ஸ்ட்ரோகனாஃப் வகை, அதாவது சவர் கிரீம் (புளித்த பாலேடு) சேர்த்த ரஷ்யக் கறிக் குழம்பின் சாயல், அந்த வாக்கைக் காப்பாற்றுகிறது. ஆனால் பின்பக்கம் எழுதியதை மட்டும் அப்படியே செய்தால் கிடைப்பது உப்புத் தூக்கலான, ஒரே சுவையுள்ள சாப்பாடு. கறியை வறுக்கும் விதத்தையும் பொடியைக் கரைக்கும் விதத்தையும் மாற்றி, கடைசியில் கொஞ்சம் புளிப்புச் சேர்த்தால் அதே பெட்டி நன்றாகவே வரும். எக் நூடுல்ஸும் (முட்டை சேர்த்த நூடுல்ஸ்) சவர் கிரீமும் காளானும் வீட்டில் இருந்தால் பெட்டியே வேண்டாம். நேரத்தில் பத்து நிமிடம்கூட வித்தியாசம் வராது.

இந்தப் பெட்டி 1971-இல் ஜெனரல் மில்ஸ் நிறுவனத்தின் 'பெட்டி கிராக்கர்' (Betty Crocker) என்ற வணிகப் பெயரில் அமெரிக்கா முழுக்க விற்பனைக்கு வந்தது. மாட்டிறைச்சி விலை ஏறிக்கொண்டிருந்த காலம் அது. 1973-இல் இல்லத்தரசிகள் இறைச்சி வாங்க மறுத்துப் போராடும் அளவுக்குப் போனது. ஒரு பவுண்டு கறியை ஒரு குடும்பமே வயிறாரச் சாப்பிடும்படி பெருக்கிக் கொடுப்பதுதான் இதன் வேலை. 2013-இல் பெயரை வெறும் 'ஹெல்பர்' என்று சுருக்கினார்கள். 2022-இல் ஈகிள் ஃபுட்ஸ் நிறுவனம் இதை வாங்கிக்கொண்டது. சூத்திரம் மட்டும் இன்றும் அதேதான்: ஒரே சட்டி, ஒரு பவுண்டு கறி.

உள்ளே இருப்பது இரண்டே பொருள். உலர்ந்த பாஸ்தா, ஒரு பொட்டலம் மசாலாப் பொடி. பொடியில் சோள மாவுச்சத்தும் உப்பும்தான் முக்கியமான வேலை செய்கின்றன. பாஸ்தாவைத் தனியாக வேகவைத்து வடிக்காமல், பாலும் வெந்நீரும் கலந்த குழம்பிலேயே வேகவிடுவதால் அதிலிருந்து பிரியும் மாவுச்சத்தும் வீணாகாமல் குழம்போடு சேர்கிறது. கிரீம் போன்ற வழுவழுப்பு வருவது இந்த இரண்டாலும்தான். இது தெரிந்துவிட்டால் எங்கே தவறு நடக்கும் என்பதும் தெரிந்துவிடும்.

முதல் தவறு கறியில். பெரும்பாலான வீடுகளில் கொத்துக்கறியைச் சூடேறாத வாணலியில் கொட்டி, உடனே கரண்டியால் கிளற ஆரம்பித்துவிடுகிறார்கள். கறி தண்ணீர் விடும், அந்தத் தண்ணீரிலேயே வெந்து சாம்பல் நிறமாகும். வெந்திருக்கும், ஆனால் வறுபட்டிருக்காது. குழம்புக்கு அடிச்சுவை தருவது வறுபட்ட கறிதான். பொடியால் அதை ஈடுகட்ட முடியாது.

12 அங்குல அகலமான, அடி கனத்த வாணலியை மிதமான தீக்குச் சற்று மேலே வைத்து இரண்டு நிமிடம் காயவிடுங்கள். கறியை உதிர்க்காமல் ஒரே அடையாகத் தட்டி வையுங்கள். நான்கு ஐந்து நிமிடம் கை வைக்கக் கூடாது. ஓரம் பழுப்பேறி, அடி தானாக விடுபடும்போது நான்கு துண்டாக வெட்டித் திருப்பிப் போட்டு, அடுத்த பக்கம் இரண்டு நிமிடம் விட்டு, அப்புறம்தான் உதிர்க்க வேண்டும். 10 அங்குல வாணலிதான் இருக்கிறதென்றால் கறியை இரண்டு தவணையாக வறுங்கள். அப்படியும் தண்ணீர் தேங்கினால் பயப்பட வேண்டாம், அது வற்றும்வரை காத்திருங்கள். காதைக் கொடுத்தாலே தெரியும்: தண்ணீர் இருக்கும்வரை மெல்லிய சலசலப்பு, வற்றியதும் கொழுப்பில் பொரியும் படபடப்பு. அந்தச் சத்தம் மாறிய பிறகு இன்னும் இரண்டு நிமிடம். அடியில் ஒட்டிய பழுப்புப் படிவைச் சுரண்டி எறியாதீர்கள், பால் ஊற்றும்போது அது கரைந்து குழம்பில் சேரும். கொத்துக்கறி 160 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 71 செல்சியஸ் தொட வேண்டும் என்பது அமெரிக்க வேளாண் துறையின் கணக்கு. இப்படி வறுத்து, மேலே பாஸ்தாவோடும் வேகவிட்டால் அதைத் தாண்டிவிடும்.

எந்தக் கறி வாங்குவது? பொட்டலத்தில் 80/20, 85/15, 93/7 என்று போட்டிருப்பது சதையும் கொழுப்பும் உள்ள விகிதம். இந்தச் சமையலுக்கு 85/15 சரியாக வரும். 80/20 விலை குறைவு, சுவையும் உண்டு, ஆனால் வறுத்ததும் கொழுப்பை வடிக்கத்தான் வேண்டும். வடிக்காவிட்டால் குழம்பின் மேல் எண்ணெய் மிதக்கும். 93/7 வாங்கினால் மணல் மணலாக உதிர்ந்து வறண்டுபோகும். வடித்த கொழுப்பைச் சிங்க்கில் ஊற்றாதீர்கள், குழாயில் உறைந்து அடைத்துக்கொள்ளும். பழைய டப்பாவில் ஊற்றி ஆறியதும் குப்பையில் போடுவதே நல்லது. ஒரு மேசைக்கரண்டி கொழுப்பு மட்டும் வாணலியில் இருக்கட்டும். பெட்டியோடு சமைக்கும்போது கறியில் உப்புப் போடவே கூடாது. பொடியில் இருக்கும் உப்பே போதும். அதற்கு மேல் ஒரு சிட்டிகை போட்டாலும் உப்புக் கரிக்கும்.

இரண்டாவது தவறு பொடியில். சூடான வாணலியில் வெந்நீரையும் பொடியையும் ஒன்றாகக் கொட்டினால், மாவுச்சத்தின் வெளிப்புறம் உடனே வெந்து, உள்ளே உலர்ந்த மாவோடு கட்டி கட்டியாக நிற்கும். எவ்வளவு கிளறினாலும் அது உடையாது. அளந்து வைத்த பால் குளிர்ச்சியாக இருக்கும்போதே அதில் பொடியைப் போட்டு, முள்கரண்டியால் அடித்துக் கரைத்துவிடுங்கள். அப்புறம் வெந்நீரையும் பாஸ்தாவையும் கறியில் சேர்த்து, கடைசியாக இந்தப் பாலை ஊற்றுங்கள். பால், தண்ணீர் அளவு வகைக்கு வகை மாறும் என்பதால் பெட்டியின் பின்பக்கம் இருப்பதையே அளக்க வேண்டும், கண் அளவு உதவாது. கொழுப்பு நீக்காத பாலாக இருந்தால் வித்தியாசம் நாக்கில் தெரியும். பாதாம் பால் ஊற்றினாலும் கெட்டியாகும், ஏனென்றால் கெட்டியாக்குவது மாவுச்சத்துதான். ஆனால் பாலின் நிறைவு வராது.

ஊற்றியதும் ஒரு முறை நன்றாகத் தளதளவென்று கொதிக்க வேண்டும். பாதிச் சூட்டில் மாவுச்சத்து முழுதாகக் கெட்டிப்படாது. கொதி வந்த உடனே தீயைக் குறைத்து மூடுங்கள். பெரிய தீயில் மூடி வைத்தால் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழியும். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து, தட்டைக் கரண்டியால் அடியை வழித்துக் கிளறாவிட்டால் அடிப்பிடிக்கும். பால் அடிப்பிடித்த வாடை வந்துவிட்டால் எந்த மசாலாவும் அதை மறைக்காது. அப்போது கிளறாமல் மேலே உள்ளதை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிக் காப்பாற்றலாம்.

பெட்டியில் சொன்ன நேரம் முடிந்ததும் திறந்து பார்த்தால் குழம்பு தண்ணீராக இருக்கும். இங்கேதான் பலர் பதறிப்போய் இன்னும் பத்து நிமிடம் கொதிக்கவைத்துப் பாஸ்தாவைக் குழைய விடுகிறார்கள். ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. பாஸ்தாவைக் கடித்துப் பாருங்கள், வெந்திருந்தால் அடுப்பை அணைத்து, மூடியை எடுத்துவிட்டு ஐந்து நிமிடம் வையுங்கள். சூடு இறங்க இறங்க மாவுச்சத்து இறுகும், பாஸ்தாவும் இன்னும் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். கரண்டியில் எடுத்தால் பூசினாற்போல ஒட்டும் பதம் அப்போதுதான் வரும்.

சுவைக்கு வருவோம். பெட்டியில் வரும் ஸ்ட்ரோகனாஃப் உப்பும் வெங்காயப் பூண்டு வாசமும் பாலும் சேர்ந்த சுவை. குழந்தைகளுக்குப் பிடிக்கும். பெரியவர்களுக்கு நாலாவது வாயிலேயே திகட்டும். காரணம், அதில் புளிப்பு போதாது. 1871-இல் ரஷ்யாவில் அச்சான சமையல் குறிப்பில் ஸ்ட்ரோகனாஃப் கறிக்குக் கடுகு விழுதும் கொஞ்சம் சவர் கிரீமும்தான் சேர்த்தார்கள். காளானும் வெங்காயமும் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை. ஆகவே அடுப்பை அணைத்த பிறகு ஒரு தேக்கரண்டி டிஜான் கடுகு விழுது, இரண்டு மேசைக்கரண்டி சவர் கிரீம், புதிதாக இடித்த மிளகு அரைத் தேக்கரண்டி கலந்து பாருங்கள். திகட்டல் போய்விடும். இன்னொரு பத்து நிமிடம் இருந்தால் ஒரு கைப்பிடி காளானைத் தனியாக வதக்கிச் சேர்க்கலாம்.

இவ்வளவும் சேர்க்கப் போகிறோம் என்றால் பெட்டி எதற்கு என்று கேட்பது நியாயம். அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்தாலும் கெடாமல், வேறு எதுவும் இல்லாத நாளில் கைகொடுக்கும் என்பதற்காக ஒன்று வைத்திருக்கலாம். வாரா வாரம் செய்கிற வீடென்றால் கீழே உள்ளதுதான் நல்லது. உப்பு உங்கள் கையில் இருக்கும்.

நான்கு பேருக்கு: கொத்துக்கறி 1 பவுண்டு, அதாவது 454 கிராம்; அகலமான எக் நூடுல்ஸ் 8 அவுன்ஸ், 227 கிராம்; காளான் 8 அவுன்ஸ்; நடுத்தர வெங்காயம் ஒன்று; பூண்டு மூன்று பல்; மைதா 2 மேசைக்கரண்டி; உப்புக் குறைந்த பீஃப் பிராத் (மாட்டிறைச்சிச் சாறு) 3 கப்; வொர்ஸ்டர்ஷயர் சாஸ் (புளிப்பும் உப்பும் கலந்த கருஞ்சாஸ்) 1 மேசைக்கரண்டி; டிஜான் கடுகு விழுது 1 தேக்கரண்டி; முழுக் கொழுப்புச் சவர் கிரீம் அரை கப். சவர் கிரீமை மட்டும் சமைக்க ஆரம்பிக்கும்போதே ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வெளியே வைத்துவிடுங்கள்.

கறியை மேலே சொன்னபடி வறுத்து ஒரு தட்டில் எடுத்து வையுங்கள். மிச்சக் கொழுப்பில் நறுக்கிய காளானைப் பரப்பி, அது விட்ட தண்ணீர் வற்றி ஓரம் சிவக்கும்வரை ஆறேழு நிமிடம் விடுங்கள். காளானுக்கு முதலிலேயே உப்புப் போட்டால் தண்ணீர் இன்னும் வேகமாக வெளியேறி, வறுபடுவதற்குப் பதில் அவியும். வெங்காயம், பூண்டு வதங்கியதும் மைதாவைத் தூவி ஒரு நிமிடம் வறுக்க வேண்டும், பச்சை மாவு வாடை போக. பிராத்தை முதலில் அரை கப் மட்டும் ஊற்றி, அடியில் ஒட்டியதைச் சுரண்டிக் கரைத்து, மாவு கட்டியில்லாமல் குழைந்த பிறகு மீதியை ஊற்றுங்கள். சாஸ், கறி, உலர்ந்த நூடுல்ஸ் எல்லாம் உள்ளே. நூடுல்ஸ் முழுக்க மூழ்காது, பரவாயில்லை. இரண்டு நிமிடத்தில் துவண்டு தானே அமுங்கும். மூடி, சிறு தீயில் எட்டு நிமிடம், இடையில் இரண்டு முறை கிளறல். நூடுல்ஸ் வேகும் முன்பே குழம்பு வற்றிவிட்டால் கொதிநீரைக் கால் கால் கப்பாக ஊற்றலாம். அரை கப்புக்கு மேல் தேவைப்படாது. குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் வேகும் சூடு அடங்கி நூடுல்ஸ் வெளியே குழைந்து உள்ளே வேகாமல் நிற்கும்.

அடுத்து சவர் கிரீம். இந்தச் சமையலில் அதிகம் கெடும் இடம் இதுதான். கொதிக்கும் குழம்பில் நேராகப் போட்டால் திரிந்து, வெள்ளைப் பொட்டுப் பொட்டாக நிற்கும். அமிலமும் சூடும் சேர்ந்ததும் பால் புரதம் ஒன்றோடொன்று இறுகிவிடுவதுதான் காரணம். கொழுப்புக் குறைத்த வகை இன்னும் சீக்கிரம் திரியும், தயிரும் அப்படியே. அடுப்பை அணைத்து இரண்டு மூன்று நிமிடம் கழித்து, ஒரு கிண்ணத்தில் சவர் கிரீமையும் கடுகு விழுதையும் எடுத்து, சூடான குழம்பு நான்கு கரண்டியை ஒவ்வொன்றாக ஊற்றிக் கலக்குங்கள். கிண்ணம் வெதுவெதுப்பானதும் அதை வாணலியில் ஊற்றிக் கிளறுங்கள். பிறகு மறுபடி கொதிக்க விடக் கூடாது. உப்பு பார்ப்பதும் இப்போதுதான், ஏனென்றால் பிராத்தும் சாஸும் ஏற்கெனவே உப்பானவை.

இன்னொரு வழியும் அமெரிக்க வீடுகளில் பழக்கம்: கேம்பல்ஸ் நிறுவனத்தின் கிரீம் ஆஃப் மஷ்ரூம் (கெட்டியான காளான் சூப்) டின். 1934-இலிருந்து விற்கிறது. வறுத்த கறியில் ஒரு டின்னைக் கொட்டி, அரை கப் பால், அரை கப் சவர் கிரீம் கலந்து, தனியாக வேகவைத்த நூடுல்ஸ் மேல் ஊற்றுவார்கள். மூன்றில் இதுவே வேகமானது, திரியும் பயமும் குறைவு. ஆனால் பசை மாதிரி கனமாக உட்காரும், உப்பும் பெட்டிக்குச் சளைத்ததல்ல. காரசாரமாகப் பழகிய நாக்குக்கு இது கடைசித் தேர்வுதான்.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் வான்கோழிக் கொத்துக்கறியில் இதே முறையில் செய்யலாம். கொழுப்புக் குறைவு என்பதால் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் கூடுதலாக வேண்டும், மிளகையும் இரட்டிப்பாக்குங்கள். ஆட்டுக் கொத்துக்கறி வாசம் கிரீமோடு அவ்வளவாகச் சேராது.

மிச்சமானதை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். மறுநாள் நூடுல்ஸ் குழம்பையெல்லாம் குடித்து இறுகிப்போயிருக்கும். ஒரு தட்டுக்கு மூன்று நான்கு மேசைக்கரண்டி பால் ஊற்றி, சிறு தீயில் கிளறிச் சூடாக்குங்கள். மைக்ரோவேவ் என்றால் பாதிச் சக்தியில், நிமிடத்துக்கு ஒருமுறை கிளறி. சமைத்ததை அப்படியே உறைய வைக்காதீர்கள், கிரீம் பிரிந்து நூடுல்ஸ் கூழாகிவிடும். கறியையும் காளானையும் பிராத் சேர்த்த நிலையில், நூடுல்ஸும் சவர் கிரீமும் போடும் முன்பாக எடுத்து உறைய வைத்தால் இரண்டு மூன்று மாதம் நன்றாக இருக்கும். தேவைப்படும் நாளில் கொதிக்கவைத்து நூடுல்ஸைப் போட்டால் கால் மணி நேரத்தில் தட்டில்.