மானிட்டரைத் திறக்கும் முன் சிக்னலைப் பார்க்கும் கடை – திருப்பாதிரிப்புலியூர்

புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் வாங்கிய 14 அங்குல சோனி பிவிஎம் மானிட்டரை வீட்டிலிருந்த பழைய கணினியோடு இணைத்த நாள் முதலே படம் நிலைகொள்ளவில்லை. கோடுகள் சாய்ந்து ஓடின, ஒரே காட்சி இரண்டாகப் பிளந்து தெரிந்தது. முதலில் காட்டிய கடையில், பிக்சர் டியூப் போய்விட்டது, எடைக்குப் போட்டுவிடுங்கள் என்றார்கள். மனம் ஒப்பாமல், கடலூர் திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள ஒரு சிறிய எலக்ட்ரானிக்ஸ் கடைக்குக் கொண்டுபோனேன்.

அங்கிருந்த மெக்கானிக் பின்மூடியைக் கழற்றவே இல்லை. "இதுக்கு என்ன சிக்னல் கொடுக்கிறீங்கன்னு முதல்ல பார்த்துடலாம் சார்" என்று சொல்லி, கணினிப் படத்தைக் கொண்டுவரும் விஜிஏ கேபிளின் 13ஆம் முனையில், அதாவது ஒவ்வொரு கோட்டின் தொடக்கத்தையும் துடிப்பாகச் சொல்லும் முனையில், மின்துடிப்புகளைத் திரையில் காட்டும் ஆஸிலோஸ்கோப்பின் முள்ளை வைத்தார். துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையே ஏறத்தாழ 32 மைக்ரோ விநாடி இருந்தது. 1987இல் வந்த விஜிஏ முறை விநாடிக்கு ஏறக்குறைய 31,500 கோடுகளை வரைகிறது. தொலைக்காட்சி நிலையங்களுக்காகச் செய்யப்பட்ட என் மானிட்டருக்கோ பால் (PAL) எனும் தொலைக்காட்சி முறையில் விநாடிக்கு 15,625 கோடுகள்தான், அதாவது கோடு ஒன்றுக்கு 64 மைக்ரோ விநாடி. மானிட்டர் ஒரு கோடு வரைந்து முடிப்பதற்குள் கணினி இரண்டு கோடுகளை அனுப்பிவிடுவதால்தான் படம் பிளந்திருக்கிறது. இப்படியே நெடுநேரம் ஓடவிட்டால் கோடுகளை வரைய வைக்கும் ஹரிசாண்டல் அவுட்புட் டிரான்சிஸ்டரும், பிக்சர் டியூபுக்கு உயர் மின்னழுத்தம் தரும் இஎச்டி பகுதியும் சூடேறிக் கெட்டுப்போகக்கூடும் என்று அவர் எச்சரித்தபோது, நான் இரண்டு மாலைகள் அதை அப்படி ஓடவிட்டிருந்தது நினைவுக்கு வந்து வயிற்றைக் கலக்கியது.

கணினியின் கிராஃபிக்ஸ் கார்டை 15 கிலோஹெர்ட்ஸுக்கு, அதாவது விநாடிக்குச் சுமார் 15,000 கோடுகளுக்கு, இறக்கிய பிறகும் பாதி வேலை மிச்சமிருந்தது. கார்டிலிருந்து கோட்டின் தொடக்கத்தைச் சொல்லும் கிடைநிலை சிங்க் (sync) துடிப்பும், முழுப் படத்தின் தொடக்கத்தைச் சொல்லும் செங்குத்து சிங்க் துடிப்பும் தனித்தனியாக வருகின்றன. மானிட்டருக்கோ பின்புறம் ஒரே ஒரு சிங்க் உள்ளீடுதான். இரண்டையும் 74எச்சி86 என்ற, இரண்டு சிக்னல்களை ஒன்றாக்கும் எக்ஸார் கேட்டுகள் நான்கு கொண்ட சிப்பில் சேர்த்துச் சிறிய போர்டு ஒன்றைச் செய்தார். முதல் சோதனையில் துடிப்பு தலைகீழாக வந்து படத்தின் மேற்பகுதி கிழிந்தது. அதே சிப்பில் சும்மா கிடந்த இன்னொரு கேட்டைக் கொண்டு அதைத் திருப்பிவிட்டார். 5 வோல்ட் சிங்க்கை 75 ஓம் உள்ளீட்டுக்கு நேரே கொடுக்காமல் வழியில் 470 ஓம் ரெசிஸ்டர் வைத்து 0.7 வோல்ட் அளவுக்குக் குறைத்தார். கடைசியில் மானிட்டர் முகப்பில் வெளி சிங்க் பொத்தானை அழுத்தியதும், ஓடிக்கொண்டிருந்த கோடுகள் சட்டென நின்று எழுத்துகள் செதுக்கியதுபோல் தெரிந்தன. கடற்காற்றில் பச்சை பூத்திருந்த மானிட்டரின் பிஎன்சி கேபிள் முனைகளையும் கேட்காமலே துடைத்துக் கொடுத்தார்.

குறைகளும் உண்டு. இரண்டு நாள் வேலைக்கு மூன்று வாரம் ஆனது; போன் செய்தால் எடுப்பதில்லை. போர்டைப் பெட்டியில்லாமல் கொடுத்தார். உப்புக்காற்று வீசும் இந்த ஊரில் அது சரியல்ல. சர்க்யூட் படம் வரைந்து தரும்படி நான் இருமுறை கேட்க வேண்டியிருந்தது. 1,200 ரூபாய் கட்டணம் நியாயமானதே.

இந்தக் கடைக்குப் போகிறவர்கள் மானிட்டரை மட்டும் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். வீட்டில் இணைக்கும் அதே கணினியையும் அதே கேபிளையும் சேர்த்து எடுத்துச் செல்லுங்கள், போர்டுக்குப் பெட்டியையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.