மெக்ரிட்சி: பாலத்துக்காகப் போய்க் கரையோரத்தில் உட்கார்ந்த கதை

ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, "இங்க மரம் மட்டையே கெடயாதாடா?" என்று மூன்றாம் நாளே கேட்டுவிட்டார். சரி, காட்டையே காட்டிவிடுவோம் என்று ஒரு ஞாயிறு காலை சிங்கப்பூரின் மெக்ரிட்சி நீர்த்தேக்கத்துக்குக் கூட்டிப்போனேன். மனசுக்குள் இருந்ததெல்லாம் அங்கே காட்டுக்கு மேலே போகும் தொங்கு பாலம்தான். இரண்டு குன்றுகளுக்கு நடுவே 250 மீட்டர் நீளம், காட்டுத் தரையிலிருந்து 25 மீட்டர் உயரம், 2004-இல் திறந்தது, கட்டணமும் கிடையாது.

ஆனால் பாலம் வாசலில் இல்லை. நீர்த்தேக்கப் பூங்காவிலிருந்து போய்த் திரும்பினால் பத்து, பதினோரு கிலோமீட்டர் ஆகிவிடும், அதுவும் வேரும் கல்லுமாக ஏறி இறங்கும் மண்பாதை. முழங்கால் வலிக்காரரை ரப்பர் செருப்போடு கூட்டிப்போன என் புத்தியை என்ன சொல்ல.

நல்லவேளையாக, தொடக்கத்திலேயே ப்ரூனஸ் பாதை வருகிறது. தண்ணீரை ஒட்டியே போகும், பாதி இடங்களில் மரப்பலகைத் தளம், ஏற்றம் அதிகமில்லை, நிழலுக்கும் குறைவில்லை. அங்கே ஓர் உடும்பு அம்மாவின் காலடிக்குக் கொஞ்சம் தள்ளி நிதானமாகத் தண்ணீரில் இறங்கி நீந்திப் போனது, நம்மூர் உடும்பெல்லாம் அதற்குப் பேரப்பிள்ளை மாதிரி. அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒரு மணி நேரம் எழவில்லை. இந்த ஏரி 1860-களில் வெட்டியது, சிங்கப்பூரின் முதல் நீர்த்தேக்கமே இதுதான் என்றேன். "அப்போ நம்ம ஊர் ஏரி இதுக்குப் பாட்டன்டா" என்றார், மறுக்க முடியவில்லை.

அதற்குள் ஒரு குரங்கு வந்து முறுக்குப் பையைப் பிடுங்கிக்கொண்டு மரமேறிவிட்டது. தப்பு எங்களுடையதுதான். நீண்ட வால் குரங்குகள் இங்கே நிறைய, கையில் பிளாஸ்டிக் பை தெரிந்தாலே சாப்பாடு என்று அவற்றுக்குத் தெரியும், எல்லாவற்றையும் முதுகுப்பைக்குள் வைத்து ஜிப்பைப் போட்டுவிடுங்கள். பாவம் என்று எதையும் நீட்டாதீர்கள், அபராதம் உண்டு.

பாலத்துக்கு அடுத்த வாரம் தனியாகப் போனேன், இந்த முறை வீனஸ் டிரைவ் என்ற சாலைப் பக்கமாக. பாலம் மட்டும் போதும் என்பவர்களுக்கு அதுதான் குறுக்கு வழி. பாலத்தின் மேலிருந்து மரங்களின் தலையைப் பார்ப்பதும், தூரத்தில் தண்ணீர் மின்னுவதும் அருமைதான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் குறுகலான ஒருவழிப் பாலம், பின்னால் ஆள் நெருக்கும்போது எவ்வளவு நேரம் நிற்பது? பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது, அப்புறம் திரும்பி வரும் வழியில் படிகள், படிகள், இன்னும் படிகள். சட்டையைப் பிழிந்திருந்தால் ஒரு குவளை வந்திருக்கும்.

என்னைக் கேட்டால் பெரியவர்கள், சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் பாலத்தை மறந்துவிட்டுக் கரையோரத்தில் மெதுவாக நடங்கள். கால் வலுவுள்ளவர்கள் காலை ஏழு மணிக்கே கிளம்பிவிடுங்கள், பாலம் வார நாளில் ஒன்பதுக்கும் சனி, ஞாயிறில் எட்டரைக்கும்தான் திறக்கும், போய்ச்சேர நேரம் சரியாக இருக்கும். திங்கட்கிழமை மூடல், இடி மழையென்றாலும் மூடிவிடுவார்கள். தண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டராவது வேண்டும், வழியில் கடை எதுவும் கிடையாது. முறுக்கு கொண்டுபோவது உங்கள் துணிச்சல்.