ஏற்காட்டில் போன், சேலத்தில் சர்வர்: இம்மிச், நெக்ஸ்ட்கிளவுட், சின்க்திங் எங்கே மாட்டும்?

இம்மிச், நெக்ஸ்ட்கிளவுட், சின்க்திங் மூன்றும் போனில் எடுத்த படங்களை நம் வீட்டு சர்வருக்கே அனுப்பி வைக்க உதவும் மென்பொருள்கள். வீட்டு வைஃபைக்குள் மட்டும் பயன்படுத்தினால் மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். சர்வர் அஸ்தம்பட்டியில், போன் ஏற்காட்டுப் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில் என்றால்தான் குணம் வெளியே வரும்.

ஐபோனில் 4கே, 60 பிரேமில் எடுத்த ஒரு நிமிட வீடியோ ஏறத்தாழ 400 எம்பி. அப்லோடு வேகம் 2 எம்பிபிஎஸ் (நொடிக்கு 2 மெகாபிட்) என்றால் 27 நிமிடம் ஆகும். இம்மிச் ஆப் முழுக் கோப்பையும் ஒரே மூச்சில் அனுப்புகிறது. நடுவில் சிக்னல் போனால் மறுபடி முதலிலிருந்துதான். நெக்ஸ்ட்கிளவுட் பெரிய கோப்பைத் துண்டு துண்டாக ஏற்றும். சின்க்திங் 128 கேபி முதல் 16 எம்பி வரையிலான பிளாக்குகளாகப் பிரிப்பதால் விட்ட இடத்தில் தொடரும். எஸ்டேட்டிலேயே தங்கியிருப்பவருக்கு அதுதான் சரி. ஆனால் ஐபோனுக்கு அதிகாரப்பூர்வ ஆப் கிடையாது. ஆண்ட்ராய்டு ஆப்பும் 2024 டிசம்பரோடு நின்றது, மற்றவர்கள் தொடரும் அதன் கிளை வடிவத்தைத்தான் (ஃபோர்க்) போட வேண்டும்.

இன்னொரு கண்ணி: சின்க்திங் செய்வது ஒத்திசைவு, பேக்கப் அல்ல. போனில் அழித்தால் சர்வரிலும் அழியும். போன் பக்கம் ‘சென்ட் ஒன்லி’ என்று வைத்தாலும் இதே கதைதான். சர்வர் பக்கம் ஃபைல் வெர்ஷனிங்கை (அழிந்த, மாறிய கோப்பின் பழைய நகலை வைத்திருக்கும் வசதி) ஆன் செய்யாமல் தொடவே வேண்டாம்.

படம் ஏறுகிறது, பெரிய வீடியோ மட்டும் 413 பிழை (‘அளவு மிகப் பெரிது’) காட்டுகிறதா? குறை ஆப்பில் இல்லை, நடுவில் நின்று கோரிக்கையைச் சர்வருக்குக் கடத்தும் ப்ராக்ஸியில். அப்படி ஒரு ப்ராக்ஸியான கிளவுட்ஃப்ளேரின் இலவசத் திட்டம் ஒரு கோரிக்கைக்கு 100 எம்பி தாண்ட விடாது. துண்டாக்கும் நெக்ஸ்ட்கிளவுட் தப்பிக்கும், இம்மிச் மாட்டும். போனையும் சர்வரையும் தனி வலையில் இணைக்கும் விபிஎன்னான டெயில்ஸ்கேல் வழியாகப் போனால் இந்தத் தடை இல்லை. ரவுட்டரின் வேன் (WAN, இணையப் பக்க) முகவரி 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால், அது இணைய நிறுவனம் பலருக்குப் பகிர்ந்து தரும் இணைப்பு; ரவுட்டரில் போர்ட் திறந்தும் பலனில்லை. அங்கும் டெயில்ஸ்கேலே வழி.

பின்னணியில் ஏறாத சிக்கலுக்கு ஆண்ட்ராய்டில் பேட்டரியை ‘அன்ரெஸ்ட்ரிக்டட்’ ஆக்குங்கள். ஐபோனில் லோ பவர் மோடை அணையுங்கள்.

கோடை இடிமழையில் கரண்ட் போய் வந்ததும் வருவதுதான் பெரிய வினை. படங்கள் உள்ள யுஎஸ்பி டிரைவ் மவுன்ட் ஆகும் (சிஸ்டத்தோடு இணையும்) முன்பே, சர்வரில் இவற்றை ஓட்டும் டாக்கர் எழுந்துவிடும். அது பார்ப்பது காலி ஃபோல்டரை. இதைப் பிடிக்க மூன்றுமே ஒரு அடையாளத்தை டிரைவில் வைத்திருக்கின்றன. அது காணாவிட்டால் இம்மிச் சர்வர் தொடங்காது, நெக்ஸ்ட்கிளவுட் டேட்டா ஃபோல்டர் செல்லாது என்று சொல்லும், சின்க்திங் அந்த ஃபோல்டரை நிறுத்திவிடும். பிழையைப் பார்த்ததும் பலர் அந்த அடையாளத்தைத் தாங்களே உருவாக்கிவிடுகிறார்கள். இம்மிச்சில் புதுப் படங்கள் பூட் டிஸ்க்கில் சேர்ந்து, டிரைவ் மவுன்ட் ஆனதும் மறைந்துபோகும். இருவழி ஒத்திசைவில் உள்ள சின்க்திங்கோ, ‘எல்லாம் அழிக்கப்பட்டது’ என்று எண்ணிப் போனிலும் அழிக்கும்.

ஆகவே டிரைவை யூயூஐடி (அதன் தனி அடையாள எண்) கொண்டு மவுன்ட் செய்யுங்கள். டாக்கர் சர்வீஸில் ‘ரிக்வயர்ஸ்மவுன்ட்ஸ்ஃபார்’ (RequiresMountsFor) வரியில் அந்த மவுன்ட் பாதையைக் கொடுங்கள், டிரைவ் வராமல் டாக்கர் எழாது. இம்மிச்சின் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை உள்ளூர் எஸ்எஸ்டியிலேயே வையுங்கள், நெட்வொர்க் ஷேரில் கூடாது. இம்மிச் தினமும் எடுக்கும் தரவுத்தள டம்பில் (நகலில்) படங்கள் இருக்காது, அவற்றைத் தனியே நகலெடுக்க வேண்டும். கடைசியாக, சர்வரை அணைத்து, டிரைவைக் கழற்றிவிட்டு ஒருமுறை ஆன் செய்து பாருங்கள்: டாக்கர் எழவே கூடாது.